கோட்டா யாருக்கு நியாயம்?

நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் மலேசியாவுக்கு வந்தது. எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும். தினமும் 2 மணி நேரம் பார்த்தால் மாதம் 180 ஜிபி. ஃபைபர் போகாத தோட்டத்து வீட்டில் 100 ஜிபி வயர்லெஸ் திட்டம் 17ஆம் நாளே காலி. அப்புறம் திரையில் வட்டம்தான் சுத்தும்.

கேட்டால், 'எல்லாருக்கும் நியாயமா கிடைக்கணும்ல' என்கிறார்கள். பொறியியல் படித்தவன் சொல்கிறேன், இது சும்மா கதை. டேட்டா என்ன தொட்டித் தண்ணியா, தீர்ந்துபோக? நெரிசல் வருவது இரவு 9 மணிக்கு, எல்லாரும் ஒரே டவரைப் பிடித்து இழுக்கும்போது. விடியற்காலை 3 மணிக்கு ஒருத்தர் படம் பார்த்தால் யாருக்கு இடைஞ்சல்? மாதக் கோட்டா இரண்டையும் ஒரே கணக்கில்தான் கழிக்கிறது. நெரிசல்தான் பிரச்சினை என்றால் அந்த நேரத்தில் மட்டும் வேகத்தைக் குறையுங்கள். முழு மாதக் காசை வாங்கிக்கொண்டு பாதி மாதம் லைன் கொடுப்பதை நியாயம் என்று சொல்லாதீர்கள்.