உஹதுக்குப் பிறகும் மஷூரா



சென்ற வாரம் மாலை வகுப்பு முடிந்தபின், பதினெட்டு வயது நிரம்பிய மாணவர் ஒருவர் நம்மிடம் வந்து தயங்கி நின்றார். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான படிவத்தைத் தம் தாயார் வாங்கிவந்து கொடுத்திருப்பதாகவும், அதை நிரப்பத் தமக்கு மனமில்லை என்றும் சொன்னார். "தலைகளை எண்ணுவதா ஆட்சி, ஹஜ்ரத்? நூறு அறிவீனர்கள் கூடினால் பத்து அறிஞர்களைத் தோற்கடித்துவிடுவார்கள். நம் ஓட்டால் இங்கே என்ன நடந்துவிடப் போகிறது?" என்பது அவருடைய கேள்வி.

கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. முதலில் அந்தப் பாதியை ஒப்புக்கொள்வோம்.

மக்களாட்சி என்று நாம் பெருமையாகச் சொல்லும் இந்த முறையில், போடப்பட்ட வாக்குகளுக்கும் கிடைக்கும் இடங்களுக்கும் இடையே பெரும் இடைவெளி உண்டு. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தில் ஒரு கட்சி நூற்றுக்குச் சுமார் 44 வாக்குகள் பெற்று, 39 இடங்களில் 37ஐ வென்றது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாக்குகளைப் பெற்ற மற்றொரு பெரிய கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அதே தேர்தலில் நாடு முழுவதும் நூற்றுக்கு 31 வாக்குகள் பெற்ற கட்சி, தனிப் பெரும்பான்மையுடன் ஆட்சி அமைத்தது. ஒரு தொகுதியில் எவர் முந்துகிறாரோ அவருக்கே எல்லாம் என்னும் ஏற்பாட்டின் விளைவு இது. நம் சமுதாயத்தைப் போல ஊர் ஊராகச் சிதறி வாழ்பவர்களுக்கு இது மேலும் கடுமையானது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் நூற்றுக்கு 14 பேர் முஸ்லிம்கள். 2024இல் மக்களவைக்குச் சென்ற 543 பேரில் முஸ்லிம்கள் 24 பேர்.

பணத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தல், வாக்காளர்களுக்குக் கொடுக்கவிருந்த பணம் சிக்கியதால் ரத்து செய்யப்பட்டு, சில மாதங்கள் கழித்து நடந்தது. பணம் கொடுப்பவரைக் கடிந்து பேசும் நாம், வாங்கும் கையைப் பற்றிப் பேசத் தயங்குகிறோம். பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மத் ஷஃபீ போன்ற மார்க்க அறிஞர்கள் வாக்கைச் சாட்சியத்துக்கு ஒப்பாக வைத்தார்கள். இன்னவர் இப்பொறுப்புக்குத் தகுதியானவர் என்று நாம் சொல்லும் சாட்சியம் அது. சாட்சிக் கூண்டில் ஏறுமுன் கைநீட்டி உறை வாங்குபவருக்கு மார்க்கத்தில் என்ன பெயர் என்று எழுத நமக்கே கூச்சமாக இருக்கிறது.

ஆயினும் மாணவரின் கேள்வியில் மறுபாதி பிழையானது. பெரும்பான்மை தவறு செய்யும் என்பதனாலேயே மக்களிடம் கருத்துக் கேட்பதை விட்டுவிடலாம் என்று அவர் எண்ணுகிறார். உஹதுப் போரின் வரலாற்றை நம்மிடம் பாடமாகக் கேட்டவர் அப்படி எண்ணலாகாது.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில் மக்காவின் படை நெருங்கியபோது, மதீனாவுக்குள் இருந்தபடியே எதிர்கொள்ளலாம் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் விருப்பமாக இருந்தது. பத்ரில் கலந்துகொள்ள இயலாமற்போன இளைஞர்கள் உள்ளிட்ட பலர் வெளியே சென்று போரிட வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். நபி (ஸல்) அவர்கள் அக்கருத்தை ஏற்றுக் கவசம் அணிந்தார்கள். வற்புறுத்தியவர்கள் பின்னர் வருந்தி, "தங்கள் விருப்பப்படியே செய்யலாம்" என்று சொன்னபோதும் எடுத்த முடிவை மாற்றவில்லை. அன்று ஏறத்தாழ எழுபது ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள். குன்றின் மீது நிறுத்தப்பட்ட வில்லாளிகள் இடத்தை விட்டு இறங்கியதே இழப்பின் நேரடிக் காரணம் என்பது உண்மைதான். என்றாலும், இனி எவரிடமும் கருத்துக் கேட்பதில்லை என்று முடிவெடுக்க ஒரு தலைவருக்கு அதைவிடப் பொருத்தமான வேளை வாய்த்திருக்காது. அந்த வேளையில்தான் ஆலஇம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனம் இறங்கியது. அவர்களை மன்னிக்கும்படியும், அவர்களுக்காகப் பிழைபொறுக்கத் தேடும்படியும், காரியங்களில் அவர்களுடன் மஷூரா செய்யும்படியும் இறைவன் தன் தூதருக்கே கட்டளையிட்டான். வஹீ வந்துகொண்டிருந்தவருக்கே இக்கட்டளை என்றால், நாமெல்லாம் எம்மாத்திரம்!

இன்றைய தேர்தலும் இஸ்லாம் சொல்லும் ஷூராவும் ஒன்றே என்று நாம் வாதிட வரவில்லை. ஹலால், ஹராமின் எல்லைகளை வாக்கெடுப்பு மாற்றாது என்பது நம் ஈமான். ஆனால் ஆளுபவர் தவறு செய்தால் அவரை இரத்தம் சிந்தாமல் இறக்குவதற்கு ஒரு வழி வேண்டும். அவ்வழி இல்லாத காலங்களில் முஸ்லிம் உலகம் என்ன விலை கொடுத்தது என்பதை வரலாறு படித்தவர் அறிவர். இந்தியாவில் 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள், பத்திரிகைகள் தணிக்கைக்கு உள்ளாயின, கட்டாயக் குடும்பக் கட்டுப்பாடு எளியவர்களின் வீட்டு வாசலில் நின்றது, தில்லி துர்க்மான் கேட்டில் ஏழை முஸ்லிம்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. 1977 மார்ச்சில் மக்கள் வரிசையில் நின்று, அந்த ஆட்சியை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரதமர் தம் சொந்தத் தொகுதியான ரேபரேலியிலேயே தோற்றார். அவ்வரிசைகளில் நின்றவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள். மாணவர் சொன்ன "அறிவீனர்கள்" அவர்கள்தாம்.

இவ்விடத்தில் காயிதே மில்லத் முஹம்மத் இஸ்மாயில் சாஹிபை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டைச் சட்டமன்றங்களில் நீடிக்கச் செய்ய 1949இல் அரசியல் நிர்ணய சபையில் வாதாடினார். வாக்கெடுப்பில் தோற்றார். தோற்ற பிறகு அவர் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. பொதுத் தேர்தல் களத்துக்கே வந்தார். திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த தமிழரான அவரை, மலையாளம் பேசும் மஞ்சேரித் தொகுதி மக்கள் 1962, 1967, 1971 என மூன்று முறை மக்களவைக்கு அனுப்பினார்கள். தாம் எதிர்த்து வாதாடிய ஏற்பாட்டுக்குள்ளேயே நின்று, தம் சமுதாயத்துக்காகக் கடைசிவரை பேசினார்.

இவற்றையெல்லாம் மறுநாள் அந்த மாணவரிடம் எடுத்துச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு இன்னொரு கேள்வி கேட்டார்: "நம் ஜமாஅத் தேர்தலில் என் உம்மாவுக்கு ஓட்டு உண்டா, ஹஜ்ரத்?"

அவருடைய தந்தை வஃபாத்தாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தாயார் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்க்கிறார். தலைக்கட்டுச் சந்தாவை ஒரு மாதமும் தவறவிட்டதில்லை, ரசீது அவர் பெயருக்கே வருகிறது. நாட்டின் பிரதமரைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்குப் பங்கு உண்டு. மஹல்லாவின் முத்தவல்லியைத் தேர்ந்தெடுப்பதில் இல்லை. உமர் (ரலி) அவர்களுக்குப் பின் கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஏற்ற அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), மதீனாவின் பெண்களிடமும் கருத்துக் கேட்டதாக வரலாற்று நூல்களில் படித்திருக்கிறோம். அதை வகுப்பில் பலமுறை சொல்லியும் இருக்கிறோம். நம் தெருவுக்கு அது பொருந்துமா என்று ஒருநாளும் யோசித்ததில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

நாடாளுமன்றத்தில் நம் குரல் எடுபடவில்லை என்று மிம்பரில் முறையிடுகிறோம். நம் பள்ளிவாசல் பொதுக்குழுவில் விதவையின் குரலும், நேற்று குடிவந்தவரின் குரலும், இருபது வயது இளைஞரின் குரலும் எடுபடுகின்றனவா என்று எவரும் கேட்பதில்லை. சில ஊர்களில் இரண்டு மூன்று குடும்பங்களுக்குள்ளேயே நிர்வாகம் தலைமுறை தலைமுறையாகச் சுற்றிவருகிறது. கணக்கைக் கேட்பவர் "பிரச்சினை பண்ணுபவர்" எனப் பெயர் வாங்குகிறார்.

சந்தா செலுத்தும் குடும்பத் தலைவி எவரானாலும் அவருக்கு வாக்குரிமை வேண்டும் என்று நம் ஜமாஅத் நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். வருடாந்தரக் கணக்கை ஜும்ஆவுக்குப் பின் வாசிக்க வேண்டும் என்பது அக்கடிதத்தின் இரண்டாவது கோரிக்கை. ஷஅபான் மாதப் பொதுக்குழுவில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரியவர்களில் இருவர் இப்போதே முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வாக்கெடுப்பில் நாம் தோற்கவே வாய்ப்பு அதிகம். தோற்றால் அடுத்த ஆண்டும் அதே கடிதத்தைக் கொடுப்போம். மாணவர் படிவத்தை நிரப்பி, நேற்று நம்மிடம் காட்டிவிட்டுச் சென்றார்.