ஓட்டையா? கிழிப்பா?

இரைப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் என்றதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "வயிற்றைக் கிழிக்கணுமா, ஓட்டை போட்டே செஞ்சிடலாமா?" என்பதுதான். வலி, தழும்பு, படுக்கை நாட்கள் பற்றிய கவலை நியாயமானதே. ஆனால் அது இரண்டாவது கேள்வியாக இருக்கட்டும் என்பது என் கட்சி.

கொஞ்சம் வரலாறு. 1881ல் வியன்னாவில் பில்ராத் என்ற மருத்துவர், வயிற்றைத் திறந்து, புற்று வந்த இரைப்பைப் பகுதியை அகற்றினார். நோயாளி பிழைத்தார். ஆனால் நான்கே மாதத்தில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. காயம் ஆறுவது வேறு, நோய் தீர்வது வேறு! 1991ல் ஜப்பானில் கிடானோ குழுவினர் இதையே லேப்ராஸ்கோப்பி மூலம் செய்தார்கள். வெளியே துளை சின்னது. உள்ளே வேலை அதேதான்: இரைப்பையோடு சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தாக வேண்டும்.

சரி, எது மேல்? தென் கொரியாவில் ஆரம்பநிலை நோயாளிகள் 1,416 பேரிடம் ஒப்பிட்டார்கள். 2019ல் வந்த முடிவுப்படி, ஐந்து வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள் துளை முறையில் 94.2 சதவீதம், திறந்த முறையில் 93.3. காயம் தொடர்பான சிக்கல்கள் துளை முறையில் 3.1 சதவீதம், மற்றதில் 7.7. சீனாவில் சற்று முற்றிய நிலையில் இருந்தவர்களிடம் செய்த ஆய்வும் அதே வருடம் வந்தது. மூன்று வருடம் நோயின்றி இருந்தவர்கள் 76.5, 77.8. ஏறக்குறைய சமம்.

அப்படியென்றால் துளையே போதுமே என்கிறீர்களா? பொறுங்கள். இந்த ஆய்வுகளில் கத்தி பிடித்தவர்கள் இரு முறைகளிலும் நல்ல அனுபவம் உள்ளவர்கள். 2021ல் வந்த நெதர்லாந்து ஆய்விலோ, இரு தரப்பும் ஆஸ்பத்திரியில் இருந்தது பெரும்பாலும் ஏழு நாள்தான். சீக்கிரம் வீடு திரும்பலாம் என்ற ஆசை அங்கே பலிக்கவில்லை. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோயில் துளை முறைக்கு மாறியவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம் என்று 2018ல் தெரியவந்தது. ஓர் உறுப்பில் சரிப்பட்டது இன்னோர் உறுப்பில் சரிப்படும் என்று கட்டாயமில்லை.

ஆகவே ஆரம்பநிலை, கைதேர்ந்த மருத்துவர் என்றால் என் ஓட்டும் துளைக்கே. ஆனால் முதலில் கேட்க வேண்டியவை: "டாக்டர், இந்த ஆபரேஷனை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? இந்த முறையில் முடிச்சுகளை முழுசாக எடுக்க முடியுமா?" பதில் திருப்தியாக இல்லையென்றால், அனுபவசாலி போடும் நீளத் தையலே மேல். தழும்பைச் சட்டை மறைத்துவிடும், விட்டுப்போன புற்றை எது மறைக்கும்?