கடல் கடக்கும் முதல் பயணம்

திருமணமாகி முப்பது ஆண்டுகள் நிறைவுறும் ஒரு தம்பதியர் சென்ற மாதம் நம்மைக் காண வந்தனர். மதுரைக்குத் தென்கிழக்கே, மானாமதுரைப் பாதையிலுள்ள பங்கைச் சேர்ந்தவர்கள். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டனர். இருவரும் சேர்ந்து ஊர்விட்டுச் சென்றதென்றால் அது வேளாங்கண்ணிக்கு மட்டுமே. கணவரின் கையில் அச்சிட்ட தாளொன்று இருந்தது: உரோமை, அசிசி, லூர்து, பாத்திமா, எருசலேம். அத்தனையும் பத்தே நாள்களில்! எண்ணிப் பார்த்தோம், பாதிப் பொழுது விமானத்திலும் பேருந்திலும் கழியும். அம்மையார் வாய் திறக்கவில்லை. நாம் கேட்ட பிறகே, "எனக்கு மடுவுக்குப் போக வேண்டும், ஐயா" என்றார்.

அவருடைய பாட்டியார் மானாமதுரையில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னார் வழியாக மடுத் திருத்தலம் சென்று வந்தவராம். பாம்புக்கடிக்குக் காப்பென மக்கள் நம்பும் அத்தலத்து மண்ணைச் சிறு முடிச்சாகக் கொண்டுவந்து வீட்டில் வைத்திருந்தாராம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் போரினால் நின்றது. மீண்டும் வருவதாகப் பாட்டியார் செய்த பொருத்தனை நிறைவேறாமலே போயிற்று.

முதல் பயணத்தை ஈழத்திற்கே வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். மொழி நமதே. தொலைவும் குறைவு, 2012-இல் மதுரையிலிருந்து கிளம்பிய முதல் வெளிநாட்டு விமானமே கொழும்புக்குத்தான் பறந்தது. மதுரையில் 1606-இல் காலடி வைத்த நொபிலி அடிகளாரும் முதுமையில் யாழ்ப்பாணத்திற்கு அனுப்பப்பட்டவரே!

விமானம் இறங்குவது கட்டுநாயக்காவில். முதல் இரவைக் கொழும்பில் கழிப்பதினும் அருகிலுள்ள நீர்கொழும்பில் கழிப்பதே நலம். மறுநாள் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம். 2019 உயிர்ப்புப் பெருவிழாவன்று அங்கும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும் குண்டுகள் வெடித்துப் பலர் மாண்டனர். அவர்களுக்காக ஒரு திருப்பலி காணலாம். அதன்பின் வடக்கே மடு. அங்கே இரண்டு இரவேனும் தங்குதல் வேண்டும் என்று வற்புறுத்தினோம். 1999-இல் அங்கே அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்தன. 2008-இல் அன்னையின் திருச்சுரூபத்தையே வேறிடம் கொண்டுசெல்ல நேர்ந்தது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவ்வன்னையின் திருமுன் வந்து நின்றார். இத்தகைய இடத்தை ஒரு மணி நேரத்தில் பார்த்துத் திரும்புவது முறையாகுமோ?

இறுதியில் யாழ்ப்பாணம். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்திற்கு 2023-இல் தொடங்கி, இடையில் நின்று, 2024-இல் மீண்டும் ஓடிய கப்பலில் திரும்பினால், இறங்கியவுடன் வேளாங்கண்ணி! அம்மையாரின் முகம் மலர்ந்தது. ஆனால் காற்றும் மழையும் மிகுந்தால் கப்பல் நிற்கும். ஆகவே அதையே நம்பிவிடாமல், விமானத்தில் திரும்புவதற்கான பணத்தையும் ஒரு நாளையும் ஒதுக்கி வைக்கச் சொன்னோம்.

தொல்லை வேறிடத்தில் முளைத்தது. அம்மையாருக்கு ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறொன்று, ஆதாரில் தலைப்பெழுத்தோடு மூன்றாவது! நம் குடும்பங்கள் பலவற்றில் உள்ள சங்கடம் இது. முதலில் சான்றுகளைத் திருத்தி, பாஸ்போர்ட் பெற்று, அதிலுள்ள எழுத்துக்கு எழுத்து அப்படியே பயணச்சீட்டு எடுக்க வேண்டும். பாஸ்போர்ட் ஏற்கெனவே உள்ளவர்கள், அது இன்னும் ஆறு மாதங்களேனும் செல்லுமா என்று பார்த்துக்கொள்க. இலங்கையின் நுழைவு அனுமதி விதிகள் பன்முறை மாறியிருக்கின்றன. சீட்டு எடுக்குமுன் அரசின் அறிவிப்பையே பாருங்கள், பிறர் வாய்ச்சொல்லை அல்ல.

ஆகஸ்டு 15 திருவிழாவிற்குச் செல்லக் கணவர் விரும்பினார். இலட்சக்கணக்கானோர் கூடும் வேளையில் மனைவியின் முழங்கால் வலி என்னாவது? மார்ச் மாதம் என்று முடிவாயிற்று. அவரோ உரோமைத் தாளைக் கிழிக்கவில்லை. மடித்துச் செபப் புத்தகத்தினுள் வைத்துக்கொண்டார். பழைய மண் முடிச்சு இன்னும் இருக்கிறதா என்று அம்மையார் தம் அண்ணன் வீட்டில் தேடிக்கொண்டிருக்கிறார்.