தெரிந்த விடைக்கு எதற்குப் பரிசோதனை?

நுண்ணுயிரியல் பட்ட வகுப்பு மாணவி ஒருத்தியின் செய்முறை நோட்டைப் புரட்டிப் பாருங்கள். ஸ்லைடில் கிருமியைத் தடவி, கிராம் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தது. ஊதா நிறம் தெரிந்தது. பக்கத்து மாணவியின் நோட்டிலும் அதே ஊதா. சென்ற வருஷத்து மாணவியின் நோட்டிலும் அதே. கிருமி விலைக்கு வாங்கியது, விடை புத்தகத்தில் இருப்பது. ஆசிரியர் கையெழுத்துப் போட்டு மார்க் கொடுத்ததும் காரியம் முடிந்தது.

இதற்குப் பெயர் பயிற்சி. பயிற்சியை நாம் இகழவில்லை. கை பழகாமல் விஞ்ஞானம் வராது. ஆனால் மூன்று வருஷமும் விடை தெரிந்த கணக்கையே போடவைத்து ஒரு வாலிபரை வெளியே அனுப்பிவிட்டு, "நம் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி மனப்பான்மை இல்லையே" என்று பட்டமளிப்பு மேடையில் பெருமூச்சு விடுவது என்ன நியாயம்?

சேலம், நாமக்கல் பகுதியில் இந்தக் கேள்விக்குத் தனிக் கூர்மை உண்டு. ஏனென்றால் கல்லூரி வாசலில் பஸ் ஏறினால், சிறிது நேரத்தில் விடை தெரியாத கேள்விகளின் நடுவே போய் இறங்கலாம். கோழிப்பண்ணைகளைச் சொல்லுகிறோம்.

நாமக்கல் முட்டையை அறியாதவர் யார்? பள்ளிப் பிள்ளைகளின் சத்துணவுத் தட்டு வரை அது போகிறது. கூண்டுகளில் நெருக்கி அடைத்த கோழிகளில் ஒன்றுக்கு நோய் வந்தால் ஒன்றோடு நிற்காது. ஆகவே நோய் வருமுன்பே தீவனத்திலும் தண்ணீரிலும் மருந்து கலக்கும் வழக்கம் உலகெங்கும் கோழித் தொழிலில் புகுந்தது. சில சமயம் நோய்க்காகக்கூட அல்ல. எடை கூட வேண்டும், லாபம் கூட வேண்டும் என்பதற்காக. அப்படிப் புகுந்த மருந்துகளில் ஒன்று கோலிஸ்டின். ஆஸ்பத்திரியில் வேறு எந்த ஆன்டிபயாடிக்கும் பலிக்காத நோயாளிக்குக் கடைசி கடைசியாக எடுக்கும் மருந்து அது. அதைத்தான் கோழிக்கும் பன்றிக்கும் வாரி இறைத்தார்கள்.

பலன் என்ன? 2015 நவம்பரில் சீன விஞ்ஞானிகள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். கோலிஸ்டினை எதிர்த்து நிற்கும் சக்தியைத் தரும் எம்.சி.ஆர்.-1 என்ற ஜீனைப் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கண்டதாக. அந்த ஜீன் பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளையத்தில் இருக்கிறது. தாய்க் கிருமியிலிருந்து சேய்க் கிருமிக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கும் வேறு ஜாதிக் கிருமிக்கும் அது தாவும். (கிருமிகளுக்கு ஜாதிக் கட்டுப்பாடு கிடையாது போலும்!) சீன சர்க்கார் 2017-ல் தீவனத்தில் கோலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது. இந்திய சர்க்கார் 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்காக அதைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. அதே 2019-ம் ஆண்டில், மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக உலகில் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று பின்னர் வந்த சர்வதேசக் கணக்கு ஒன்று மதிப்பிட்டது.

தடை நல்லது, வரவேற்கிறோம். ஆனால் கெஜட்டில் அச்சான தடை கோழி ஷெட்டுக்குள் போய்ச் சேர்ந்ததா என்று எப்படி அறிவது? சீனாவில் அளந்து பார்த்தார்கள். தடைக்குப் பிறகு பன்றிகளிடமும் மனிதர்களிடமும் அந்த ஜீன் குறைந்தது என்று 2020-ல் வெளியான ஆய்வு காட்டியது. அளந்ததால் தெரிந்தது. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. அங்குள்ள நிபுணர்களின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இவ்வளவு பெரிய கோழிப் பிரதேசத்தைக் கிணறு கிணறாக, எருக்குழி எருக்குழியாக வருஷந்தோறும் அளக்க ஒரு கல்லூரி போதுமா? தனியார் பரிசோதனைச் சாலையோ காசு கொடுத்த முதலாளிக்குத்தான் ரிப்போர்ட் கொடுக்கும். ஷெட்டில் எரு அள்ளும் கூலிப் பெண்ணுக்குக் கொடுக்காது. அந்த எருவை வாங்கி வயலில் போடும் குடியானவனுக்கும் கொடுக்காது.

சிறிய பண்ணைக்காரரை நாம் எதிரியாகக் கருதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். தீவன விலை ஒரு பக்கம், முட்டை விலை மறுபக்கம் நெருக்க, மருந்துக் கம்பெனியின் விற்பனையாளர் சொன்னதைக் கேட்டு நடப்பவர் அவர். உண்மை தெரிந்தால் முதலில் பயனடைபவரும் அவரே.

இங்கேதான் மாணவர் வருகிறார்.

"பட்ட வகுப்புப் பிள்ளைகளால் என்ன ஆகும்?" என்று கேட்போருக்கு ஒரு பழைய கதையை நினைவூட்டுவோம். 1943-ல் அமெரிக்காவில் ரட்கர்ஸ் கல்லூரியின் விவசாய ஆராய்ச்சிச் சாலையில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது மாணவர், மாதம் 40 டாலர் சம்பளத்தில், நிலவறைக் கூடத்தில் வேலை செய்தார். காசநோய்க் கிருமிக்குப் பயந்து அவரை அங்கே ஒதுக்கியிருந்தார்கள். அவர்தான் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்தார். காசநோயை எதிர்த்து நின்ற முதல் ஆன்டிபயாடிக்! எதிலிருந்து எடுத்தார்? எரு நன்றாகப் போட்ட வயல் மண்ணிலிருந்து ஒன்று. ஒரு கோழியின் தொண்டையில் தடவி எடுத்ததிலிருந்து இன்னொன்று. எருவும் கோழியும்! நாமக்கல்லில் இவற்றுக்கா பஞ்சம்?

கதையின் மறுபாதியையும் சொல்லாமல் விட முடியாது. புகழும் ராயல்டியும் பேராசிரியர் வாக்ஸ்மனுக்குப் போயின. ஷாட்ஸ் 1950-ல் கோர்ட்டுக்குப் போன பிறகே சக கண்டுபிடிப்பாளர் என்று ஒப்புக்கொண்டார்கள். 1952-ல் நோபல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்கே. ஆய்வுக்கூடத்திலும் உழைப்பு ஒருவருடையது, பலன் வேறொருவருடையது என்கிற விதி செல்லுபடியாகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? மாணவர்களை ஆராய்ச்சியில் இறக்கு என்று கேட்கும் நாம், அவர்கள் பெயர் அறிக்கையில் இருக்க வேண்டும் என்றும் சேர்த்தே கேட்கிறோம்.

ஷாட்ஸாவது ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படித்தவர். அதற்கும் கீழே, பட்ட வகுப்பிலேயே இதைச் செய்ய முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஜோ ஹாண்டல்ஸ்மன் என்ற அம்மையார் 2018-ல் தொடங்கிய திட்டத்தில், கல்லூரி மாணவர்கள் தங்கள் ஊர் மண்ணை அள்ளிவந்து, அதிலுள்ள கிருமிகளில் எது ஆன்டிபயாடிக் சுரக்கிறது என்று தேடுகிறார்கள். பல தேசங்களின் கல்லூரிகள் அதில் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு மாணவர் கையிலும் உள்ள மண் வேறு; ஆகவே காப்பியடிக்க வழியே இல்லை.

நமது நிலைமை என்ன? சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு ஜில்லாக்களுக்காக 1997-ல் பெரியார் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. அதன் வளாகத்தில் நுண்ணுயிரியல் துறை உண்டு. மேற்படிப்பும் ஆராய்ச்சியும் நடக்கின்றன. ஆனால் பட்ட வகுப்பு நடப்பது இணைப்புக் கல்லூரிகளில், அதிலும் பெரும்பாலும் சுயநிதிக் கல்லூரிகளில். தறிக்காரர் மகளும் குச்சிக்கிழங்குக் குடியானவர் மகனும் பீஸ் கட்டித்தான் இந்தப் பாடத்தைத் தொட வேண்டியிருக்கிறது. அரசுக் கல்லூரிகளிலோ, நிரந்தர ஆசிரியர் இடங்களைக் காலியாக வைத்து "கௌரவ" விரிவுரையாளர்களைக் கொண்டு காலம் தள்ளுகிறார்கள். அவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் சொன்னது. 2024-ல் தமிழ்நாட்டில் அவர்கள் பெற்றது 25,000. கௌரவம் பெயரில் மட்டும்! அடுத்த வருஷம் வேலை உண்டா என்று அறியாத ஆசிரியர், இரண்டு வருஷம் தொடர்ந்து ஒரு கிணற்றைக் கவனிக்கும் ஆராய்ச்சியை எப்படித் தொடங்குவார்?

சாமான் இல்லை என்ற சாக்கு வரும். கிருமி வளர்க்கும் தட்டில் ஊற்றும் அகர், மன்னார் வளைகுடாவில் நம் மீனவப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் பாசியிலிருந்து கிடைப்பது. கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் அடிப்படையில் ஒரு பெரிய பிரஷர் குக்கர்தான். முதலில் தேவைப்படுவது கோடிகள் அல்ல.

அதற்காக அஜாக்கிரதையாக இறங்கச் சொல்லவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமியைக் கையாளத் தகுந்த பாதுகாப்பும் பயின்ற மேற்பார்வையும் வேண்டும். அது இல்லாத இடத்தில் மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள சாதாரணக் கிருமிகளோடு நிற்க வேண்டும். முறையும் சரியாக இருக்க வேண்டும். மருந்து தோய்த்த காகித வில்லையை அகர் தட்டில் வைத்துப் பார்க்கும் வழக்கமான பரிசோதனை கோலிஸ்டினுக்கு நம்பத்தக்கதல்ல. அதன் மூலக்கூறு பெரியது, அகரில் சரியாகப் பரவாது. திரவத்தில் படிப்படியாக நீர்த்துத்தான் பார்க்க வேண்டும். இந்த ஒரு நுணுக்கத்தை, தன் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை வைத்துக் கற்கும் மாணவி ஆயுளுக்கும் மறக்க மாட்டாள்.

கோழியோடு விஷயம் முடியவில்லை. ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து வழியும் புளித்த தண்ணீர், மலைபோல் குவியும் திப்பி, அவற்றைத் தின்று எரிவாயு தரும் கிருமிகள் எல்லாம் இருக்கின்றன. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பெருமைப்பட்டோம். ஆலைக் கழிவு ஓடும் வாய்க்காலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு அந்தப் பெருமையால் நல்ல தண்ணீர் கிடைத்துவிடாது.

ஆகவே நாம் கோருவது இது. நான்கு ஜில்லாக்களிலும் அரசுக் கல்லூரிகளில் நுண்ணுயிரியல் பட்ட வகுப்பைத் தகுந்த ஆய்வுக்கூடத்தோடு சர்க்கார் தொடங்க வேண்டும். இருப்பதை விரிவாக்க வேண்டும். காலியிடங்களை நிரந்தர நியமனத்தால் நிரப்ப வேண்டும். அதுவரை கௌரவ விரிவுரையாளர்களுக்கு மானியக் குழு சொன்ன ஊதியத்தைக் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகம் இறுதி வருஷச் செய்முறையில் பாதியை ஊர் மண், ஊர்த் தண்ணீர் ஆராய்ச்சியாக மாற்றி, வளாகத் துறையையும் கால்நடைக் கல்லூரியையும் வழிகாட்டிகளாக இணைக்க வேண்டும். முடிவுகளை மாணவர் பெயரோடு, பண்ணையின் பெயரில்லாமல், தமிழில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஒட்ட வேண்டும். வரும் பட்ஜெட்டிலேயே இதற்குத் தனித் தலைப்பில் பணம் ஒதுக்கட்டும். பாடத்திட்டக் குழு அடுத்த முறை கூடும்போது, அதன் மேஜை மேல் இந்தக் கோரிக்கை இருக்கும்படி மாணவர் சங்கங்களும் ஆசிரியர் சங்கங்களும் பார்த்துக்கொள்ள வேண்டும்.