குற்றம் நடக்கும் முன்பே சிகிச்சை

1860இல் வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பாலுறவுக்கு ஒரு பெண் குழந்தையின் சம்மத வயது 10. கல்கத்தாவில் ஃபுல்மோனி தாசி என்ற சிறுமி கணவனின் வன்புணர்வால் இறந்துபோனாள்; பத்து வயதைத் தாண்டியவள் என்பதால் அது சட்டப்படி வன்புணர்வே ஆகவில்லை. நாடு கொதித்து, 1891இல் 12 ஆயிற்று. 1925இல் 14, 1949இல் 16, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் வந்த 2012இல் 18. பத்திலிருந்து பதினெட்டுக்கு வர நமக்கு 152 வருடம் பிடித்திருக்கிறது.

சம்மத வயது பற்றி இங்கே சண்டை நடந்த அதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான், குழந்தைகள் மீது முதன்மையாகப் பாலியல் நாட்டம் கொண்டவர்களை ரிச்சர்ட் ஃபான் கிராஃப்ட்-எபிங் என்ற மனநல மருத்துவர் தனி வகையாகப் பிரித்து ‘பீடோஃபிலியா’ என்று பெயரிட்டார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம் கையேடு 1952இல் அதை ஆளுமைக் கோளாறுகளோடு சேர்த்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு நாட்டத்தையும் கோளாறையும் பிரித்துவிட்டது. கோளாறு என்று சொல்ல, பருவமடையாத குழந்தை மீது ஒருவருக்குக் குறைந்தது ஆறு மாதம் நீடிக்கும் தீவிர நாட்டம் இருக்க வேண்டும். அதன்படி அவர் நடந்திருக்க வேண்டும், அல்லது அதனால் கடுமையாக அலைக்கழிந்திருக்க வேண்டும். அவருக்கு 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும். குழந்தையைவிட ஐந்து வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11உம் ஏறக்குறைய இதே வழியில்தான் போகிறது.

ஆக, சட்டம் பார்ப்பது 18 வயதை. மருத்துவம் பார்ப்பது பருவமடைதலை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நம் பேச்சு தடம் புரள்கிறது. 2018இல் சென்னை அயனாவரத்தில் செவித்திறன் குறைந்த பதினொரு வயதுச் சிறுமியைச் சீரழித்த வழக்கில் 17 பேர் கைதானார்கள். 2020இல் 15 பேர் தண்டிக்கப்பட்டார்கள். அந்தச் சிறுமி வசித்த அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை பார்த்தவர்கள். அத்தனை பேருக்கும் ஒரே கோளாறு என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். கேட்க ஆளில்லை என்ற தைரியமே பல குற்றங்களுக்குப் போதும். கோளாறு இருப்பதாகச் சான்று கிடைத்தாலும் தண்டனையிலிருந்து தப்ப முடியாது: தான் செய்வது தவறு என்று தெரிந்து செய்பவரைச் சித்தபிரமை விலக்கு காப்பாற்றாது. காப்பாற்றவும் கூடாது.

சிகிச்சை என்ன செய்யும்? நாட்டத்தை மாற்றும் மருந்து இதுவரை இல்லை. நடத்தையைக் கட்டுப்படுத்தலாம். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, மனச்சோர்வுக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகள், ஆபத்து அதிகமென்றால் டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும் ஊசி. அந்த ஊசி எலும்பைத் தேய்க்கும், ஆகவே இரத்தப் பரிசோதனையும் கண்காணிப்பும் வேண்டும். 2015இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருபாகரன், குழந்தைகளைச் சீரழிப்பவர்களுக்கு ஆண்மை நீக்கத்தைத் தண்டனையாக்கலாம் என்று யோசனை சொன்னார். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் இரசாயன ஆண்மை நீக்கத்தை 2013லேயே, பாலியல் குற்றச் சட்டங்களை ஆராய்ந்த நீதிபதி வர்மா குழு நிராகரித்துவிட்டது. தண்டனையாகக் கட்டாயப்படுத்தினால் அது வைத்தியம் ஆகாது என்பதே என் கருத்தும்.

பெர்லின் சாரிட்டே மருத்துவமனை 2005இல் வேறு வழியைப் பிடித்தது. இந்த நாட்டத்தால் அவதிப்படுகிறவர்கள் தாமாக வரலாம், ரகசியம் காக்கப்படும், கட்டணம் இல்லை என்று ஊரறிய விளம்பரம் செய்தது. ஆட்கள் வந்தார்கள். இதனால் குற்றங்கள் குறைந்தன என்பதற்கு இன்னும் வலுவான சான்று இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் குழந்தைக்குத் தீங்கு நடக்கும் முன்பே ஒருவரைப் பிடித்து உட்காரவைத்துப் பேச வேறு வழி என்ன இருக்கிறது?

நம் ஊரில் அதற்கு எளிதான வழி இல்லை. போக்சோ 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். நடந்ததைச் சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. பாதிக்கப்பட்ட குழந்தைக்கு இது பெரிய அரண்; எள்ளளவும் தளர்த்தக் கூடாது. ஆனால் எந்தக் குழந்தையையும் தொடாமல், தன் மனதைக் கண்டு தானே பயந்துபோன இருபது வயதுப் பையன் மருத்துவர் முன் வாயைத் திறப்பானா?

அந்தப் பையனை மரக்காணம் அருகேயுள்ள மீனவக் கிராமம் எக்கியார்குப்பத்தில் வைத்துப் பாருங்கள். 2023 மே மாதம் மெத்தனால் சாராயம் அங்கே உயிர்களைப் பறித்தபோது, பிழைத்துக் கிடந்தவர்களை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் புதுச்சேரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உடம்புக்கு வந்தால் எங்கே போவது என்று ஊருக்கே தெரியும். அந்தப் பையன் எங்கே போவான்? கூடவே அம்மா வருவார், ஓ.பி. சீட்டில் பெயர் இருக்கும், அரைக்கதவுக்கு அந்தப் பக்கம் அடுத்த நோயாளி நிற்பார். அவன் தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவான். அவன் திரும்பிப் போகிற தெருவில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

ஒன்றிய அரசு ஒரு தெளிவுரை தர வேண்டும்: யாருக்கும் தீங்கு செய்யாமல் தானாக வந்து உதவி கேட்பவரின் ரகசியத்தை மருத்துவர் காக்கலாம், குறிப்பிட்ட ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்த நொடியே காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். தமிழக அரசு அதைக் கேட்டுப் பெற வேண்டும். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்களுக்கு இதில் பயிற்சி தந்து, மூடிய அறை ஒன்றையும் ஒதுக்க வேண்டும். இதைப் படிப்பவர்களுக்கு: ஒரு குழந்தை ஆபத்தில் இருப்பதாகத் தோன்றினால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள், உங்கள் மனமே உங்களை அச்சுறுத்தினால் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416ஐ அழையுங்கள்.