நேரடிப் படம் எவ்வளவு நேரடி?

2023 ஜூலை 14 மதியம் 2.35-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3 கிளம்பியது. ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று பழவேற்காடு பக்கத்து ஊர்களுக்கு அறிவிப்பு வந்துவிடும். அதனால் அப்பாவும் வீட்டில்தான் இருந்தார். காட்டூர் வீட்டு மொட்டை மாடியில் நின்று பார்த்தோம். மரங்களுக்கு மேலே நெருப்பு எழும்பிவிட்டது. என் செல்போனில் வந்த 'நேரடி' ஒளிபரப்பிலோ கவுண்ட்டவுன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "எதுடா நிஜம்?" என்றார் அப்பா.

போனைக் குறை சொல்ல முடியாது. படம் நடுவில் நின்றுவிடாமல் இருக்க, சில நொடிப் படங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டுகிறார்கள். ராக்கெட் பார்க்க அது போதும். ஆனால் வீட்டில் ஒருவரைக் கவனித்துக்கொள்ள வெப் கேமரா வைக்கிறீர்களா? அங்கே இந்தத் தாமதம் ஆபத்து என்பது என் கருத்து. பட்டுத்தான் சொல்கிறேன்.

பாட்டியின் கட்டிலுக்கு எதிரே பழைய கம்ப்யூட்டரில் ஒரு வெப் கேமரா மாட்டி, மாடியில் இருக்கும் என் லேப்டாப்புக்குப் படம் வர நானே ஒரு புரோகிராம் எழுதினேன். இரண்டு கம்ப்யூட்டர்களிலும் உள்ள புரோகிராம்கள் பேசிக்கொள்ளத் திறக்கும் வாசலுக்கு சாக்கெட் என்று பெயர். (சுவரில் உள்ள ப்ளக் பாயின்ட் அல்ல!) 640x480 அளவுள்ள ஒரு கலர் படம் அப்படியே அனுப்பினால் 9,21,600 பைட். நொடிக்கு 25 படம் என்றால் 2 கோடியே 30 லட்சம் பைட். எனவே ஒவ்வொன்றையும் ஜேபெக் ஆகச் சுருக்கி, முதலில் அதன் அளவு, பிறகு படம் என்று அனுப்பினேன். அளவைச் சொல்லாவிட்டால் ஒரு படம் எங்கே முடிகிறது என்று மறுமுனைக்குத் தெரியாது.

நான் பயன்படுத்தியது டிசிபி முறை. அது எதையும் தொலைக்காது, வரிசையும் மாறாது. நல்ல குணம்தான். ஆனால் மாடியில் வைஃபை பலவீனம். அனுப்ப முடியாத படங்கள் ரேஷன் கடை க்யூ போல் நின்றன. ஒருநாள் கீழே சத்தம் கேட்டது. திரையில் பாட்டி நிம்மதியாகப் படுத்திருந்தார். அதை நம்பி உட்கார்ந்திருந்தேன். சிறிது நேரம் கழித்துத்தான் அவர் விழுவது திரையில் தெரிந்தது. நல்லவேளை, எலும்பு முறியவில்லை.

1991-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் காபி பாத்திரத்தைப் பார்க்கவே ஒரு கேமரா வைத்தார்கள். கறுப்பு வெள்ளைப் படம், நிமிடத்துக்கு மூன்று முறைதான் மாறும். 2001 வரை ஓடியது. காபி இப்போது இருக்கிறதா என்பதுதானே கேள்வி!

இப்போது என் புரோகிராமை மாற்றிவிட்டேன். ஒரு படத்தைக் காட்டி முடித்த பிறகே லேப்டாப் அடுத்ததைக் கேட்கும். கேமரா பக்கம் அந்த நொடியில் எடுத்த படத்தை மட்டும் அனுப்பும், பழையதை வீசிவிடும். நீங்கள் கடையில் வாங்கிய கேமராவையும் சோதிக்கலாம். நொடி முள் உள்ள கடிகாரத்தை அதன் முன் வைத்து, திரையில் தெரியும் முள்ளோடு ஒப்பிடுங்கள்.

என் திரையில் பாட்டி சில நேரம் தாவித்தாவி நடக்கிறார். தம்பி கிண்டல் செய்கிறான். நான் மாற்றப்போவதில்லை.