திரைக்கு முன்னே வந்த இசைஞர்

திரைப்படம் பார்த்துவிட்டு வீடு திரும்பும் ஒரு குடும்பத்தாரை நிறுத்தி, "அப்படத்தில் வயலின் வாசித்தவர் யார்?" என்று வினவிப் பாருங்கள். விடை கிடைக்காது. நடித்தவர் பெயர் தெரியும். இசையமைத்தவர் பெயரும் தெரிந்திருக்கலாம். ஆனால், எண்பது தொண்ணூறு பேர் ஒரு கூடத்தில் அமர்ந்து அவ்விசையை வாசித்தார்கள் என்ற நினைவே நம்மில் பலருக்கு எழுவதில்லை. அத்தகையோரைக் கண்ணாரக் காண்பதற்கென்றே கோடை இரவுகளில் மக்கள் திரளும் ஓர் இடம் உண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், மலைச்சரிவின் மடியில் அமைந்த 'ஹாலிவுட் பௌல்' என்னும் திறந்தவெளி அரங்கமே அது. அங்கு நிகழும் திரையிசைக் கச்சேரிகளைப் பற்றி இத்திங்கள் சிறிது உரையாடுவோம்.

1922ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவ்வரங்கம் முறையாகத் தொடங்கப்பெற்றது. அது மௌனப்படக் காலம். பெரிய நகரங்களின் திரையரங்குகளில் திரைக்கு முன்னால் ஓர் இசைக்குழு அமர்ந்து, ஓடும் படத்திற்கேற்ப வாசிக்கும். சிற்றூர்க் கொட்டகையாயின் ஒரு பியானோவேனும் இருக்கும். 1927இல் 'தி ஜாஸ் சிங்கர்' வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பேசும்படம் எங்கும் பரவ, திரையரங்கு இசைஞர் பல்லாயிரவர் வேலையிழந்தனர். எந்திரத்தில் அடைத்த இசை வேண்டாமென்று 1930ஆம் ஆண்டளவில் அவர்களுடைய சங்கம் நாளிதழ்களில் விளம்பரம் செய்து பொதுமக்களிடம் முறையிட்டது. முறையீடு பலிக்கவில்லை.

இருந்த இசைஞருள் சிலருக்கே ஒலிப்பதிவுக் கூடங்களில் இடம் கிடைத்தது. ஊதியம் நன்று, ஆனால் முகம் மறைந்துவிட்டது. இன்று உலகறிந்த ஜான் வில்லியம்ஸ் கூட இளமையில் அப்படி முகம் மறைந்து பியானோ வாசித்தவரே. 1962இல் வெளிவந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' படத்தில் கேட்கும் பியானோ அவருடையது. இசையமைத்தவர் எல்மர் பெர்ன்ஸ்டைன். வில்லியம்ஸின் தந்தையார் ஒரு தாளக் கலைஞர். வாசிப்பவர்களின் குடும்பத்தில் பிறந்த அம்மனிதர், 1978 முதல் ஹாலிவுட் பௌல் மேடையில் பல கோடைகளில் நின்று, தாம் அமைத்த திரையிசையை ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் நடத்தி வந்தார். 2023ஆம் ஆண்டுக் கோடையிலும், தமது 91ஆம் வயதில், அம்மேடை ஏறினார்.

அரங்கில் ஏறத்தாழ 17,500 பேர் அமரலாம். மேல் வரிசைகளில் வெறும் மரப்பலகைகளே. மெத்தையொன்று கொண்டு செல்வது அறிவுடைமை. கச்சேரிக்கு நெடுநேரம் முன்பே குடும்பங்கள் உணவுக்கூடைகளோடு வந்து, பாட்டியும் பேரனும் அருகருகே அமர்ந்து உண்பார்கள். பகல் எவ்வளவு வெயிலாயினும் இரவில் அம்மலையிடுக்கு குளிர்ந்துவிடும். கம்பளியின்றிச் செல்வோர் இடைவேளைக்குப் பின் நடுங்குவர். இக்குளிர் இசைஞரையும் விடுவதில்லை. குளிரக் குளிரக் குழற்கருவிகளின் சுருதி தாழும்; கம்பிகளோ இறுகிச் சுருதி உயரப் பார்க்கும். இருசாராரும் ஓயாமல் செவிகொடுத்துச் சரிசெய்துகொண்டே வாசிக்க வேண்டும்.

திறந்தவெளியின் பெரிய இடர் ஒலி சிதறிப்போவதுதான். எதிரொலிக்கச் சுவரில்லை. மேடைக்குப் பின்னால் சிப்பிபோல் வளைந்த கூரையை எழுப்பியதன் காரணம் அதுவே. 1929இல் எழுந்த கூரை 2003 வரை நின்றது. இடையில் கட்டடக் கலைஞர் பிராங்க் கெரி, ஒலியைச் சீராக்க முதலில் அட்டைக் குழாய்களை நிறுத்தியும், பின்னர் கண்ணாடியிழை உருண்டைகளைத் தொங்கவிட்டும் பார்த்தார். 2004இல் புதிய கூரை வந்தது. எனினும் நூறு மீட்டருக்கு அப்பால் இருப்பவரின் காதுக்கு மேடையொலி 0.3 வினாடி பிந்தியே எட்டும், ஒலிபெருக்கியின்றி இயலாது. 'ஒலிபெருக்கி வழியே கேட்பதற்கு வீட்டிலேயே இருக்கலாமே' என்பார் உண்டு. அவர்கள் ட்ரம்பெட் வாசிப்பவர் ஒரு நெடிய தொடருக்கு முன் மூச்சை நிரப்பிக்கொள்ளும் அந்தக் கணத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

சில இரவுகளில் முழுப்படத்தையும் திரையிட்டு, அதன் இசையை மட்டும் மேடையில் வாசிக்கிறார்கள். நடத்துநரின் முன்னுள்ள சிறுதிரையில் வண்ணக்கோடு ஒன்று நகர்ந்து வரும். வெள்ளொளி விட்டுவிட்டுப் பளிச்சிடும். அவற்றைக் கொண்டே அவர் காட்சியோடு இணைந்து செல்கிறார். அம்முறையை நிலைபெறச் செய்தவருள் ஆல்பிரட் நியூமன் முதன்மையானவர். அவருடைய மகன் டேவிட் நியூமன் இன்று அவ்வகைக் கச்சேரிகளை நடத்துவதில் பெயர்பெற்றவர். வியத்தகு திறமைதான். ஆயினும் என் மனம் படமில்லாத இரவையே நாடுகிறது. படம் ஓடத் தொடங்கினால் கண் முந்திக்கொள்கிறது. பத்து நிமிடத்தில் இசைக்குழு எதிரே இருப்பதையே மறந்துவிடுகிறோம். பழைய கதைதானே மீண்டும்!

இசைக்காகப் படம் பணிந்த நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. 1982இல் வெளிவந்த 'இ.டி.' படத்தின் இறுதிப் பகுதிக்கு இசை பதிவு செய்கையில், காட்சியின் வேகத்திற்கும் இசையின் வேகத்திற்கும் பொருத்தம் அமையவில்லை. பலமுறை முயன்றனர். இயக்குநர் ஸ்டீவன் ஸ்பில்பெர்க் படத்தை நிறுத்தச் செய்து, கச்சேரியில் வாசிப்பதுபோலவே வாசிக்குமாறு வில்லியம்ஸிடம் கூறினார். பிறகு அவ்விசைக்கு ஏற்பக் காட்சியை வெட்டி ஒட்டினார். அப்பகுதி திறந்தவெளியில் அவ்வளவு இயல்பாக ஒலிப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

இன்றோ கணிப்பொறியில் சேமித்த ஒலிகளைக் கொண்டே பல படங்களுக்கும் தொடர்களுக்கும் இசை அமைத்துவிடுகிறார்கள். ஒலிப்பதிவுப் பணிகளும் செலவு குறைந்த பிறநாடுகளுக்குச் செல்கின்றன. 1930இல் எழுந்த கவலை வேறு உருவில் மீண்டும் வந்திருக்கிறது. இந்நிலையில், திரையிசைக்காகவே சீட்டு வாங்கி ஒரு மலைச்சரிவு நிறைய மக்கள் வந்து அமர்வதை இசைஞர் எவரும் எளிதாக எண்ணார்.

'ஸ்டார் வார்ஸ்' இசை தொடங்கியதும் சிறுவர் மட்டுமன்றி நரைத்தவரும் ஒளிவீசும் பொம்மை வாள்களை உயர்த்தி அசைக்கிறார்கள். பின்வரிசையிலிருந்து பார்த்தால் சரிவு முழுவதும் வண்ண விளக்குகள். மெல்லிசைப் பகுதியில் யாரோ ஒருவரின் வெற்றுப்புட்டி படிகளில் உருண்டோடும் ஓசைக்கு மட்டும் என்னால் மன்னிப்பளிக்க இயலவில்லை.

ஒன்று சொல்ல மறந்தேன். அங்குக் கார்களை ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளியின்றி நிறுத்துவர். முன்னே நிற்பவர் புறப்பட்டாலன்றிப் பின்னே நிற்பவர் நகரவியலாது. ஆகவே கச்சேரி முடிந்தும் நெடுநேரம் காரிலேயே அமர்ந்திருக்க நேரும். குழந்தைகள் பின்னிருக்கையில் ட்ரம்பெட்டின் பகுதியை வாயால் ஊதிக்கொண்டிருப்பார்கள்.